டாக்டர் வீட்டு வேப்பிலை

மதராஸில் டாக்டருக்குப் படித்த காலத்தில் கிறிஸ்துராஜின் கூட்டாளிகள் ஆளுக்கொரு உறுப்பைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவன் கண்ணை எடுத்துக்கொண்டான், ஒருவன் எலும்பை எடுத்துக்கொண்டான். இருதயத்தை எடுத்தவன் அன்றைக்கே சீமைக்குக் கப்பல் ஏறப் போகிறவன் போல நடந்தான். கிறிஸ்துராஜ் மட்டும் உட்கார்ந்து யோசித்து, தனக்கு எந்த உறுப்பும் வேண்டாம், முழு மனுஷனே போதும் என்று சொல்லிவிட்டான். கேட்டவர்கள் அவனை ஒரு மகான் என்று நினைத்தார்கள். அவனும் அப்படி நினைக்க வேண்டாம் என்று யாரையும் தடுக்கவில்லை.

உண்மைக் காரணம் வேறு. கத்தியைப் பிடித்தால் அவன் கை ஆடும். பிரசவம் பார்க்கிறவனுக்கு ராத்திரி என்று ஒன்று கிடையாது. குடும்ப டாக்டர் என்றால் காலையில் பத்துப் பேர் நாக்கைப் பார்க்கலாம். மத்தியானம் வீட்டுச் சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம். சாயங்காலம் இன்னும் பத்து நாக்கு. அப்புறம் பெண்டாட்டியோடு பேச்சு. ஊரார் குடும்பத்தையும் பார்த்தாயிற்று, சொந்தக் குடும்பத்தையும் பார்த்தாயிற்று. இப்படி ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டுதான் சங்ககிரியில் வந்து பெயர்ப்பலகை மாட்டினான். முன்னறை ஆஸ்பத்திரி, பின்கட்டு வீடு.

அந்தக் கணக்கில் சங்ககிரியைச் சேர்க்க மறந்துவிட்டான்.

முதல் வருஷம் ஈ ஓட்டினான். காய்ச்சல் என்றால் அந்த ஊரில் டாக்டரிடம் போகிற வழக்கமில்லை. மாரியம்மன் கோயிலுக்குத்தான் போவார்கள். குழந்தைக்கு மேல் சுட்டால் ஆத்தாள் இறங்கியிருக்கிறாள் என்று நிலையில் வேப்பிலை செருகிவிட்டு, இளநீரை அதன் வாயில் ஊற்றிவிட்டு, கைகட்டி உட்கார்ந்துவிடுவார்கள். அம்மையோ நிமோனியாவோ, எல்லாம் ஆத்தாள் கணக்கு. கிறிஸ்துராஜும் அவனுடைய கம்பவுண்டர் ரஷீதும் எதிரெதிரே உட்கார்ந்து, யார் முதலில் கொட்டாவி விடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வழக்கத்தை உடைத்தவள் பழனியம்மாள். லாரி டிரைவர் கந்தவேலின் பெண்டாட்டி. கைக்குழந்தை பாப்பாயிக்கு மூச்சு இரைத்தபோது, தெருவே வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல், மார்போடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியேறி வந்தாள். கிறிஸ்துராஜ் பென்சிலின் போட்டான். அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தாள். பாப்பாயி பிழைத்தாள். அன்றிலிருந்து பழனியம்மாள் அவனுக்குத் தமுக்கு அடிக்க ஆரம்பித்தாள். கோயிலுக்குப் போகிற வழியிலேயே பெண்களை மறித்து, "ஆத்தா எங்கயும் போயற மாட்டா. மொதல்ல எங்க டாக்டரெப் பாத்துப்போட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவாள். பாப்பாயி நடக்கப் பழகியதும் அடுக்களைக் கதவு வழியாகத் தானே வந்து நிற்பாள். யாரும் கேட்காமலே நாக்கை நீட்டுவாள். நீட்டிய நாக்கில் கிறிஸ்துராஜின் பெண்டாட்டி ஜெபமலர் சர்க்கரை வைப்பாள். அதன் பிறகே நாக்கு உள்ளே போகும்.

சங்ககிரிக்காரர்கள் ஒருவனை டாக்டர் என்று ஒப்புக்கொள்ள நாளாகும். ஒப்புக்கொண்டபின் அவனும் மனுஷன்தான் என்பது மறந்துபோகும். சோற்றில் கை வைத்தால் முதுகைத் திருப்பிக் காட்டுவார்கள். குளித்துக்கொண்டிருந்தால் வெளியே நின்று, "நீங்க ஊத்துங்க டாக்டருங்க, நான் இங்கிருந்தே சொல்றனுங்க" என்று பேதியை விவரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் மாதா கோயில் வாசலிலேயே நாடி பிடிக்கச் சொல்வார்கள். பங்குச்சாமியார் பிரசங்கம் வைப்பதற்குள் அவன் மூன்று பேருக்கு மருந்து சொல்லி முடித்திருப்பான். மூன்றாவது ஆள் பல நாள் பங்குச்சாமியாரே.

ஜெபமலர் சேலத்தில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். கல்யாணமான மறுவருஷம் முழுகாமல் இருந்தாள். ஒரு மத்தியானம், அடுக்களையில் தனியாக நின்றபோது, அது ரத்தமாகக் கரைந்து போயிற்று. அந்த நேரம் ஊருக்கெல்லாம் குடும்ப டாக்டர் மூன்று வீடு தள்ளி, பெரியநாயகியம்மாளின் ஏப்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியநாயகியம்மாளுக்கு வாயு. ஒவ்வொரு ஏப்பத்துக்கும் அதன் பூர்வீகத்தைச் சொல்லாமல் விடமாட்டாள். அவன் திரும்பி வந்தபோது ஜெபமலர் தரையைத் தானே கழுவி முடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏப்பம் நின்னுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் அவன் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளித்திருப்பான். அவனிடம் இருந்த ஒரே கைமருந்து அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன ஆனாலும் சேலம் போய் ஒரு சினிமா பார்த்துவிட்டு வருவது என்று இருவரும் பஸ் ஏறினார்கள். பஸ் புறப்படவில்லை. ஒரு ஆள் ஏறி, கிறிஸ்துராஜின் முன்னால் வந்து, வேட்டியை ஒதுக்கித் தொடையில் இருந்த கட்டியைக் காட்டினான். அதைப் பார்த்த கண்டக்டருக்குத் தன் முதுகுக் கட்டி ஞாபகம் வந்தது. டிரைவர் தன் பங்குக்கு எஞ்சினை அணைத்துவிட்டு, "எனக்கு இடுப்புலங்க. உக்காந்தா வலிக்குது, எந்திரிச்சா வலிக்குது. இருக்கற வேலையோ உக்கார்ற வேலைங்க" என்றார். மற்றவர்கள் பொறுமையாக இருந்தார்கள். அவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று இருந்தது. கட்டியைக் கீற வேண்டியிருந்ததால் கிறிஸ்துராஜ் இறங்கினான். ஜெபமலரும் இறங்கினாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் சொன்னாள்: "எனக்கு ஒரு நாள் வேணும். முழுசா ஒரு நாள். நீங்களும் நானும் மட்டும். அது உங்களால முடியாதுன்னா நான் எங்க அப்பா வீட்டுக்குப் போயிடறேன். திரும்பி வரமாட்டேன். சண்டை போடலை. சும்மா சொல்லி வைக்கிறேன்."

சண்டை போட்டிருந்தால் பயமில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து, சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினாள். பள்ளிக்கூட டீச்சர் என்பதால் நன்றாக மடித்தாள்.

மறுநாள் கிறிஸ்துராஜ் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகையில் ஒரு வீட்டு நிலையில் வேப்பிலை தொங்கியது. அந்த வீட்டுக்கு முன்னால் தெரு தானாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டிருந்தது. கீரைக்காரி கூவாமல் கடந்தாள். கடன் கேட்கப் போனவன் இலையைப் பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினான். அம்மை இறங்கிய வீட்டுக்குள் வெளியாள் போகக் கூடாது. உள்ளிருப்பவர்களைக் கூப்பிடவும் கூடாது. ஆத்தாளுக்குக் கோபம் வரும்.

'குடுத்து வைத்தவன்' என்று கிறிஸ்துராஜ் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். இரண்டு எட்டு நடந்ததும் நின்றான். விளையாட்டாகத்தான் நினைத்தான். அவன் வாழ்க்கையில் பெரிய முடிவுகள் எல்லாம் விளையாட்டாக நினைத்தவைதான்.

மறுநாள் விடியலில், கொல்லையில் நின்ற மரத்திலிருந்து ஒரு பெரிய கொத்தை ஒடித்து வந்து வாசல் நிலையில் செருகினான். உள்ளே திருஇருதய ஆண்டவர் படம், வெளியே மாரியாத்தாள் வேப்பிலை. வைசூரி என்று சொன்னால் சுகாதாரத்துக்காரர்கள் வந்து நிற்பார்கள். விளையாட்டம்மை என்கிற சின்னம்மை என்றால் இளநீர் மட்டும் வரும். வேலைக்கு வந்த ரஷீதிடம், "வீட்டுல அம்மாவுக்கு விளையாட்டம்மை. ஒரு நாளைக்கு ஆஸ்பத்திரி கிடையாது" என்றான். ரஷீதுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மச்சினன் கல்யாணம் இருந்தது. அவன் வருத்தமான முகத்தை வைத்துக்கொள்ளப் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். போகிற வழியில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே போனான்.

கதவைச் சாத்தினான். ஜெபமலர் கூடத்தில் நின்று அவனையே பார்த்தாள்.

"எனக்கு அம்மையா?"

"ரொம்ப லேசா. நாளைக்குக் காலையில சரியாயிடும். நான் டாக்டர் சொல்றேன்."

அவள் சிரித்தாள். வெகுநாளாக அடைத்திருந்த சன்னல் திறந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு முழுக்க ஒருவர்கூடக் கதவைத் தட்டவில்லை. சோற்றைச் சூடாகத் தின்றான். தின்றுவிட்டுத் தூங்கினான். எழுந்து, அவள் தலையை வாரிவிட்டான். கோணல் வகிடு எடுத்துத் திட்டு வாங்கினான். அந்தத் திட்டு அவனுக்கு மிக்சர் மருந்தைவிட நன்றாகக் கேட்டது.

மறுநாள் காலையில் வேப்பிலையை எடுக்கப் போனபோது தெருவிலிருந்து பெரியநாயகியம்மாளின் குரல் வந்தது.

"டாக்டருங்க, கையெ வெக்காதீங்க. மூணு தண்ணி ஊத்திப்போட்டுத்தான் எலையெ எடுக்கோணும். நடுவால எடுத்தா ஆத்தா அக்கம்பக்கத்துப் புள்ளைங்க மேல எறங்கீருவா. தெருவுல பச்சைப் புள்ளைங்க இருக்குது."

"இல்லீங்கம்மா, அவளுக்கு லேசாத்தான்..."

"லேசு கனம்னு ஆத்தாளெ எடை போடாதீங்க. வேதக்காரரா இருந்தும் மரியாதெ தெரிஞ்சு கட்டியிருக்கறீங்க. ஊரே மெச்சுது. கெடுத்துக்காதீங்க."

ஒரு ஏப்பம் விட்டுவிட்டு அவள் போனாள். அம்மை கண்டவளுக்கு நாள் விட்டு நாள் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஒரு நாள் கேட்டவளுக்கு மாரியாத்தாள் தாராளமாக அளந்துவிட்டாள். கதவைச் சாத்திவிட்டு அவன் செய்தியைச் சொன்னபோது, ஜெபமலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மை வீட்டில் சத்தம் கேட்கக் கூடாது. தாளிதம் கூடாது, எண்ணெய்ச் சட்டி கூடாது. ஆசை தாங்காமல் ஒரு முட்டையைப் பொரித்துவிட்டு, வாசனை தெருவுக்குப் போகாமல் இருக்க இரண்டு பேரும் முறத்தால் விசிறினார்கள். டிரங்குப் பெட்டியிலிருந்து சேலைகள் ஒவ்வொன்றாக அலமாரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. கிறிஸ்துராஜ் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டான். பெட்டி காலியாகட்டும், அப்புறம் கதவைத் திறக்கலாம் என்று இருந்தான்.

வாசலில் இளநீரும் மோரும் வந்து உட்கார்ந்திருக்கும். வைத்தவர் யாரென்று தெரியாது. இத்தனை நாளும் அவன் சோற்றைத் தின்னவிடாத ஊர், இப்போது அவனுக்குச் சோறு போட்டது.

அப்படி ஒரு மத்தியானம் இருவரும் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஒரு குழந்தை இருமியது.

இருமல் என்றால் கொக்கு கத்துவது போலவோ சளி உருளுவது போலவோ இருக்கும். இது குரைப்பாக வந்தது. இருமி முடித்ததும் மூச்சை இழுக்கும்போது உள்ளே ஏதோ கீச்சிட்டது. கிறிஸ்துராஜின் கையில் இருந்த முத்துகள் குழிக்குப் போகாமல் நின்றன.

வெளியே பழனியம்மாளின் குரல். "புள்ளைக்கு மேலு கொதிக்குதுங்கக்கா. தண்ணிகூட எறங்க மாட்டீங்குது. டாக்டரெ ஒருவாட்டி..."

"எங்க போறே? கண்ணு தெரியலயா உனக்கு?" பெரியநாயகியம்மாளின் குரல். "நெலையில என்ன இருக்குதுன்னு பாரு. அலமாரி நெறையா ஊசி மருந்து வெச்சிருக்கறவரு. அவரே பொண்டாட்டிக்கு ஒரு ஊசியும் போடாம, ஆத்தா தாயேன்னு எலையெக் கட்டிப்போட்டுக் கைகட்டி உக்காந்திருக்கறாரு. அவருக்கே வேறெ வழியில்லீனா நீ என்ன பெரிய இவ? உன்ற புள்ளைக்கும் ஆத்தாதான்."

கிறிஸ்துராஜ் எழுந்திருக்க முழங்காலை ஊன்றினான். ஜெபமலர் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடிக்கவில்லை. உதறினால் விட்டுவிடும் பிடிதான்.

"கந்தவேல் லாரி ஊர்லதான் நிக்குது" என்றாள் மெதுவாக. "சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. இப்ப நீங்க கதவைத் திறந்தா அம்மை பொய்யின்னு ஆயிடும். ஊருல தலை காட்ட முடியாது. திரும்பவும் அதே... நான் இன்னொரு தடவை பெட்டியை அடுக்கமாட்டேன். அப்படியே கிளம்பிடுவேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கந்தவேல் லாரி இருந்தது. சேலம் எட்டிப்பிடிக்கிற தூரம்தான். சாதாரண இருமலாகவும் இருக்கலாம். ஒரு டாக்டர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது எளிது. அதற்கு வேண்டிய வார்த்தைகளை அவன் படித்து வைத்திருக்கிறான். கிறிஸ்துராஜ் மறுபடியும் உட்கார்ந்தான்.

நிலைப்படியில் இலை சரசரத்தது.

"என்ன பண்றே?" என்றாள் பெரியநாயகியம்மாள்.

"ஒரு கொப்பு எடுத்துக்கறனுங்கக்கா. டாக்டர் ஊட்டு வேப்பலைங்க. எங்கூட்டுல கட்டறதுக்கு."

காலடிகள் போய்விட்டன. ஜெபமலர் கையை எடுத்துக்கொண்டாள். ஆட்டம் யார் முறை என்று இருவருக்கும் மறந்துபோயிருந்தது. முத்துகளை அள்ளி மறுபடியும் முதலிலிருந்து வைத்தார்கள். யாரும் ஆடவில்லை.

கல்யாணம் முடிந்து வந்த ரஷீத், உள்ளே வரக் கூடாது என்பதால் கொல்லைச் சுவருக்கு வெளியே நின்று கூப்பிட்டான். கையில் ஒரு பொட்டலம். பிரியாணி வாசனை.

"அம்மாவுக்கு எப்படியிருக்கு சார்? முகத்துல இல்லாம இருந்தா சரி." பொட்டலத்தைச் சுவர் மேல் வைத்தான். "நம்ம கந்தவேல் புள்ள மவுத்தாப் போயிருச்சு சார். பாப்பாயி. காலையில அடக்கினாங்க."

கிறிஸ்துராஜ் பொட்டலத்துக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

"தொண்டையில வெள்ளையா தோல் மாதிரி படர்ந்திருந்துச்சாம். கழுத்தெல்லாம் வீங்கி, மூச்சு விட முடியாம... அந்தத் தொண்டை அடைப்பான், டிப்தீரியாவா இருக்குமோன்னு எனக்கு. சேலத்துல அதுக்கு மருந்து இருக்கே சார். கந்தவேல் லாரியை எடுத்திருக்கான். பழனியம்மாதான், டாக்டரே கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு, நாம ஆத்தாளை மீறி லாரியில தூக்கிட்டுப் போறதான்னு வண்டிக்கு முன்னால உக்காந்துட்டாங்களாம்." ரஷீத் செருப்பைத் தரையில் தேய்த்தான். "உங்க வீட்டுல நோவு இல்லாம இருந்திருந்தா காப்பாத்தியிருப்பீங்க. என்ன செய்யறது, அல்லா விதிச்சது."

கிறிஸ்துராஜ் கூடத்தைக் கடந்து போய் வாசல் கதவைத் திறந்து, வேப்பிலையைப் பிடுங்கிக் கீழே போட்டான். எதிர்வீட்டுப் பெண் கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாற்றை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவன் சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தான்.

கந்தவேல் வீட்டு நிலையில் வேப்பிலை காயாமல் இருந்தது. பழனியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பாப்பாயிக்கு அடுத்துப் பிறந்த, பால்குடிக்கிற ஆண்குழந்தை. அவனைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"ஏஞ்சாமி, நீங்க எதுக்கு வந்தீங்க? எழவு ஊட்டுக்கு இப்ப நீங்க வரலாமுங்களா? அம்மிணிக்குத் தண்ணி ஊத்தியாச்சுங்களா?"

"பழனியம்மா, அவளுக்கு அம்மையே இல்ல."

அவள் கைக்குழந்தையைத் தோளுக்கு மாற்றினாள்.

"பொய். ஒரு நாள் யாரும் வரக் கூடாதுன்னு நான்தான் இலையைக் கட்டினேன். அவளுக்கு ஒண்ணுமே இல்ல. பாப்பாயி இருமினது எனக்குக் கேட்டுச்சு. நீ இலையை ஒடிச்சதும் கேட்டுச்சு. கதவைத் திறக்காம உள்ளேயே உக்காந்திருந்தேன். ஆத்தா இல்ல பழனியம்மா. அது வியாதி. ஊசி இருக்கு."

இத்தனை வருஷத்தில் வேடிக்கை கலக்காமல் அவன் பேசிய முதல் பேச்சு அது. பழனியம்மாளின் முகம் மெதுவாக இளகியது. அவள் ஒரு கையால் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியுஞ்சாமி. நாந்தான் லாரிய மறிச்சு உக்காந்தேன்னு என்ற மனசு கெடந்து அடிச்சுக்குதுன்னு யாரோ சொல்லியிருக்கறாங்க. பழியெ உங்க மேல போட்டுக்கிட்டு என்னெத் தேத்தறதுக்கு வந்திருக்கறீங்க. பொண்டாட்டி நோவுல கெடக்கையில இப்படிப் பொய் சொல்ல யாருக்கு மனசு வரும்?"

"பொய் இல்ல. நிஜமா..."

"போதுஞ்சாமி. ஆத்தா காதுல உழுந்தா அம்மிணிக்கு ஆகாது. ஊட்டுக்குப் போங்க."

ஊர் அவன் சொன்ன எல்லாவற்றையும் நம்பியது. பச்சைத் தண்ணீரை ஊசியில் ஏற்றிச் சத்து மருந்து என்றபோதுகூட நம்பியது. இதை மட்டும் நம்பவில்லை.

வெளியே புளியமரத்தடியில் லாரி நின்றது. கந்தவேல் படிக்கட்டுப் பலகையில் உட்கார்ந்து, புகையாத பீடியை விரலில் பிடித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"நீங்க சொன்னது நெசமுங்களா?" என்றான் நிமிராமல்.

"நிஜம்."

கந்தவேல் எழுந்தான். அடிப்பான் என்று கிறிஸ்துராஜ் நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். கந்தவேல் லாரியின் முகப்பைச் சுற்றி நடந்து போய், அங்கே ஒன்றையும் பார்க்காமல் திரும்பி வந்தான்.

"இதெ இனி யாருகிட்டயும் சொல்லாதீங்க. அவகிட்ட மறுக்காவும் சொல்லிறாதீங்க. ஆத்தா எடுத்துக்கிட்டாள்னு நெனச்சு அவ ரெண்டு வாய் சோறு திங்கறா. நீங்க சொல்றது நெசம்னு தெரிஞ்சா, நாந்தான் லாரிய மறிச்சுக் கொன்னுபோட்டேன்னு கெணத்துல உழுந்துருவா. உங்களுக்கு மனசுல இருக்கறதெ எறக்கி வெக்கோணும், அவ்வளவுதானே? எறக்கி வெக்க எங்கூடுதான் கெடச்சுதுங்களா? நீங்களே வெச்சுக்குங்க."

கிறிஸ்துராஜ் வீட்டுக்கு வந்தான். வாசலில் அவன் பிடுங்கிப் போட்ட வேப்பிலையை யாரோ எடுத்து மறுபடியும் நிலையில் செருகியிருந்தார்கள். தெருவுக்குப் பயம். அவன் அதைத் தொடவில்லை.

ஜெபமலரிடம் நடந்ததை அவன் சொன்னான். அவள் கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போனாள். பாத்திரச் சத்தம் எதுவும் வரவில்லை. மூன்று தண்ணீரையும் முறைப்படி ஊற்றினார்கள். இல்லாத அம்மைக்கு, இருக்கிற மஞ்சளை அரைத்து, கிறிஸ்துராஜ்தான் தலையில் ஊற்றினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். தெருவில் குலவைச் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரி திறந்தது. கட்டிகள் வந்தன, இடுப்புகள் வந்தன, ஏப்பம் வந்தது. குழந்தைகளின் காய்ச்சல் மட்டும் வரவில்லை. அவை எல்லாம் நேராகக் கோயிலுக்குப் போயின. டாக்டரே கட்டினார், நாம் கட்டினால் என்ன என்று தெருவுக்குத் தெரு வேப்பிலை தொங்கியது. சாயங்காலங்கள் காலியாக இருந்தன. மதராஸில் அவன் போட்ட கணக்கு இப்போது சரியாக வந்துவிட்டது. மத்தியானம் வீட்டுச் சாப்பாடு, ஒரு தூக்கம். தூக்கம் வரவில்லை என்பது மட்டும்தான் குறை.

தீட்டுக் கழிந்தபின் ஒரு நாள் பழனியம்மாள் கைக்குழந்தையோடு வந்தாள். அடுக்களைக் கதவு வழியாகத்தான் வந்தாள். ஜெபமலரை வெளிச்சத்துக்கு இழுத்து, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். விரலால் கன்னத்தைத் தடவினாள்.

"ஒரு தழும்புகூட இல்லீங்களே அம்மிணி. மொழுமொழுன்னு இருக்குது. உங்களெ ஒண்ணும் பண்ணாம எறங்கியிருக்கறா." அவள் சிரித்தாள். கண்ணீர் தானாக வடிந்தது. "ஒரு ஊட்டுலயாவது நல்லபடியா எறங்குனாளே."

ஜெபமலர் அந்தக் கையின் கீழ் அசையாமல் நின்றாள்.

மறுநாள் காலையில் கிறிஸ்துராஜ் எழுந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. அவள் வீட்டில் இல்லை. பயந்துபோய்ப் பெட்டியைப் பார்த்தான். பெட்டி காலியாக இருந்தது, சேலைகள் அலமாரியில் இருந்தன. சற்று நேரத்தில் தெருமுனையில் அவள் தெரிந்தாள். யார் வீட்டிலிருந்தோ, வேப்பிலை கட்டிய ஏதோ ஒரு நிலையைத் தாண்டிப் போய், ஒரு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் அதன் தாய் திட்டிக்கொண்டே ஓடி வந்தாள். பெரியநாயகியம்மாள் தெருவில் நின்று சாபம் விட்டுக்கொண்டிருந்தாள். ஜெபமலர் எதையும் காதில் வாங்காமல் குழந்தையை மேசை மேல் உட்கார வைத்து, "தொண்டையைப் பாருங்க" என்றாள்.

அன்றிலிருந்து அப்படித்தான். அவள்தான் கதவைத் திறப்பாள். நோயாளிகளைச் சாப்பாட்டுக்கு நடுவில் கூப்பிட்டுக்கொண்டு வருவாள். படுக்கையில் திரும்பிப் படுக்கும்போது தெருவில் ஒரு இருமல் கேட்டால், அவன் எழுவதற்குள் அவள் விளக்கேற்றியிருப்பாள். மாதங்கள் போயின. ஊர் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக மன்னித்தது. குழந்தைகள் ஒன்றிரண்டாகத் திரும்பி வந்தன. டாக்டரைவிட டாக்டர் வீட்டம்மாவுக்குத்தான் வைத்தியத்தில் பக்தி என்று பேசிக்கொண்டார்கள். அவள் அப்பா வீட்டுக்குப் போகவில்லை. போவதாகச் சொல்லவும் இல்லை. கிறிஸ்துராஜோடு பேசினாள், மருந்துச் சீசா எத்தனை இருக்கிறது, பஞ்சு தீர்ந்துவிட்டது என்று.

ஒரு மத்தியானம் கூட்டம் கொஞ்சம் குறைவாக இருந்தது. அவள் ஊசியைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்றான்.

"நாளைக்கு ஒரு நாள் சாத்திட்டு எங்கேயாவது போவோமா, ஜெபா? நீ கேட்டா போதும். நான் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டேன்."

அவள் கிடுக்கியால் ஊசியை எடுத்து, பொருத்தி, அவன் கையில் கொடுத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பினாள்.

"அடுத்தது யாருங்க?" என்று கூப்பிட்டாள். "உள்ள வாங்க."